காந்தி வாழ்ந்த வீடுகள்: ஒரே ஒரு பயணம்தான் என்றால் எங்கே போவது?

போன மாதம் அக்கா போன் செய்தாள். அரையாண்டுத் தேர்வு முடிந்ததும் ஐந்து நாள் லீவு இருக்கிறது. அவள் மகள் ஒன்பதாம் வகுப்பு, பள்ளியில் காந்தியைப் பற்றிப் பேசப் போகிறாள். அம்மாவும் கூட வருகிறாள். "பாடப் புத்தகத்துல இருக்கிற காந்தி வேண்டாமாம் இவளுக்கு. வீட்டுல அவர் எப்படி இருந்தார்னு தெரியணுமாம். எங்க கூட்டிட்டுப் போறது, நீ சொல்லு" என்றாள்.

என்னிடம் கேட்டதற்குக் காரணம் இருக்கிறது. பன்னிரண்டு வருடமாக, லீவு கிடைக்கும்போதெல்லாம் காந்தி வாழ்ந்த வீடுகளாகத் தேடிப் போய்க்கொண்டிருக்கிறேன். ராஜ்கோட், போர்பந்தர், அகமதாபாத், மும்பை, வார்தா, புனே, டெல்லி என்று பெரும்பாலானவற்றைப் பார்த்தாகிவிட்டது. மதுரை எங்கள் ஊர். ஆனாலும் அக்காவுக்கு உடனே பதில் சொல்ல வரவில்லை. ஒவ்வொரு வீடும் ஒரு வயதுக் காந்தியை வைத்திருக்கிறது. ஐந்து நாளில் எல்லாவற்றையும் பார்க்க முடியாது. ஓடி ஓடிப் பார்த்தால் எதுவும் மனதில் தங்காது.

இரண்டு நாள் யோசித்துப் பார்த்ததில் ஒரு அளவுகோல் கிடைத்தது. எந்த வீட்டில் கஸ்தூர்பா தெரிகிறாரோ, அந்த வீட்டில்தான் காந்தியின் சொந்த வாழ்க்கை தெரியும். கூட்டத்தின் முன் நின்ற காந்தியைப் பார்க்க எந்த மியூசியமும் போதும். அடுப்படி, படுக்கை, பிள்ளைகள், நோய், சண்டை, சமாதானம் இவையெல்லாம் பா, அதாவது கஸ்தூர்பா, இருந்த இடத்தில்தான் இருந்தன. இந்த ஒன்றை வைத்தே ஒவ்வொரு இடத்தையும் எடை போட்டேன்.

முதலில் டெல்லி, ஏனென்றால் எல்லோர் வாயிலும் முதலில் வருவது அதுதான். தீஸ் ஜன்வரி மார்க்கில் உள்ள பிர்லா மாளிகையில் காந்தி தன் கடைசி 144 நாட்களைக் கழித்தார். 1947 செப்டம்பர் 9 முதல் 1948 ஜனவரி 30 வரை. இப்போது அதன் பெயர் காந்தி ஸ்மிருதி. அறையிலிருந்து பிரார்த்தனைத் திடல் வரை அவர் கடைசியாக நடந்த தடத்தில் பாதச்சுவடுகள் பதித்து வைத்திருக்கிறார்கள். அதைத் தொடர்ந்து நடக்கும்போது யாருக்கும் பேச்சு வராது.

அங்கே நான் அதிக நேரம் நின்றது பாதச்சுவடுகளுக்கு முன்னால் இல்லை. கண்ணாடி, கைத்தடி, கரண்டி இவற்றோடு சொரசொரப்பான கல் ஒன்று இருக்கிறது. சோப்புக்குப் பதிலாக அவர் உடம்பு தேய்த்துக் குளித்த கல் அது. இப்படி ஒரு கல்லைப் பற்றி ஒரு கதை உண்டு. 1947 ஜனவரியில் வங்காளத்தின் நவகாளியில் ஊர் ஊராக நடந்துகொண்டிருந்தபோது, கூடப் போன பேத்தி முறைப் பெண் மனு, தேய்க்கிற கல்லை முந்தின ஊரிலேயே மறந்துவிட்டு வந்துவிட்டாள். கலவரம் நடந்த பூமி. காந்தி அவளைத் தனியாகத் திருப்பி அனுப்பி, தேடி எடுத்து வரச் சொன்னார். அவள் பயந்துகொண்டே போய் எடுத்து வந்தாள். இந்தக் கதையை என் அக்கா மகளிடம் சொன்னபோது, "ஒரு கல்லுக்காகவா?" என்று கேட்டாள். எனக்கும் இன்றுவரை அந்தக் கேள்வி தீரவில்லை. அவருடைய ஒழுங்கும் அவருடைய கடுமையும் ஒரே கல்லில் இருப்பது மாதிரித் தோன்றும்.

கடைசி நாளைப் பற்றியும் பலருக்குத் தெரியாத ஒன்று உண்டு. 78 வயதில், அன்று காலையில்கூட அவர் வங்காள மொழிப் பாடம் எழுதினார். நவகாளியில் தொடங்கிய படிப்பு அது. சாயங்காலம் பட்டேலோடு பேசிக்கொண்டே ஆட்டுப்பாலும் காய்கறியும் ஆரஞ்சும் சாப்பிட்டார். பேச்சு நீண்டுவிட, பேரன் முறை உறவினரின் மனைவி ஆபா கடிகாரத்தை எடுத்துக் காட்டினாள். பிரார்த்தனைக்கு நேரமாகிவிட்டதே என்ற வருத்தத்தோடுதான் அவர் கடைசியாக நடந்தார்.

ஆனால் டெல்லி வீட்டில் கஸ்தூர்பா இல்லை. அவர் இறந்து நான்கு வருடம் ஆகியிருந்தது. தவிர, அது காந்தியின் வீடும் இல்லை. தங்கிய இடம். மரணத்தின் நிழல் எல்லாவற்றின் மேலும் விழுந்திருக்கிறது. பதினான்கு வயதுப் பிள்ளை காந்தியை முதன்முதலில் சந்திக்க வேண்டிய இடம் இதுவென்று எனக்குத் தோன்றவில்லை. டெல்லிக்கு வேறு வேலையாகப் போகும்போது அரை நாள் ஒதுக்குங்கள், திங்கட்கிழமை மட்டும் வேண்டாம்.

மும்பைக்கும் இதே பதில்தான். காம்தேவி பகுதியில் லாபர்னம் சாலையில் இருக்கும் மணி பவன், நண்பர் ரேவாசங்கர் ஜவேரியின் வீடு. 1917 முதல் 1934 வரை மும்பைக்கு வந்தபோதெல்லாம் காந்தி அங்கே தங்கினார். மாடி அறை அழகாக இருக்கிறது, நூலகம் நன்றாக இருக்கிறது. அந்த வருடங்களில் மும்பையில் நடந்த ஆட்டுப்பால் சம்பவத்தை மட்டும் தெரிந்துகொண்டு போனால் போதும். 1919 தொடக்கத்தில் உடம்பு மிகவும் நலிந்து படுத்திருந்தார். பால் குடித்தால்தான் தேறும் என்றார் டாக்டர். பால் தொடமாட்டேன் என்று இவர் விரதம் எடுத்திருந்தார். பக்கத்தில் நின்ற கஸ்தூர்பா, "பசும்பாலும் எருமைப்பாலும்தானே வேண்டாம் என்றீர்கள், ஆட்டுப்பாலுக்கு என்ன?" என்கிற பொருளில் கேட்டார். காந்தி ஒத்துக்கொண்டார். ஆனால் விரதத்தின் எழுத்தைக் காப்பாற்றி அதன் உயிரைக் கொன்றுவிட்டேன் என்ற உறுத்தல் கடைசிவரை அவருக்கு இருந்தது. காந்தியும் ஆடும் என்று நாம் சேர்த்தே நினைக்கிறோமே, அந்த ஆட்டைக் கொண்டு வந்தது பாதான்.

ராஜ்கோட்டையும் போர்பந்தரையும் தள்ளிவைக்க எனக்கு மனசே வரவில்லை. போர்பந்தரில் 1869 அக்டோபர் 2 அன்று அவர் பிறந்த வீடும் அதை ஒட்டிய கீர்த்தி மந்திரும் இருக்கின்றன. அதற்குப் பின்புறம் கொஞ்ச தூரத்திலேயே கஸ்தூர்பா பிறந்த வீடு. பிறந்த வீட்டுக்கும் புகுந்த வீட்டுக்கும் இடையில் சில நிமிட நடைதான். ராஜ்கோட்டில் இருப்பது 'கபா காந்தி நோ டேலோ'. அப்பா கரம்சந்த் அந்த ஊரில் திவானாக இருந்தபோது குடும்பம் வாழ்ந்த வீடு. பதிமூன்று வயதில் கல்யாணமாகி வந்த இரண்டு பேரும் சண்டை போட்டு வளர்ந்தது அங்கேதான்.

காந்தி தானே எழுதி வைத்த இரண்டு விஷயங்கள் அந்த வீட்டோடு சேர்ந்தவை. பதினைந்து வயதில் அண்ணனின் தங்கக் காப்பிலிருந்து ஒரு துண்டைத் திருடிவிட்டு, வாயால் சொல்லப் பயந்து, ஒரு தாளில் எழுதி, நோயாளியாகப் படுத்திருந்த அப்பாவிடம் நீட்டினார். அப்பா படித்துவிட்டுக் கண்ணீர் விட்டார், தாளைக் கிழித்தார், மறுபடி படுத்துக்கொண்டார். ஒரு வார்த்தை திட்டவில்லை. அடுத்தது அதைவிடக் கனமானது. தினமும் இரவில் அப்பாவுக்குக் கால் பிடித்துவிடுவது மகனின் வேலை. 1885-இல் ஒருநாள் இரவு, சித்தப்பா "நான் பார்த்துக்கறேன், நீ போ" என்றதும் மனைவி இருந்த அறைக்குப் போனார். ஐந்தாறு நிமிடத்தில் வேலைக்காரர் கதவைத் தட்டினார். அப்பா போய்விட்டார். அந்த ஐந்து நிமிடத்தை அவர் வாழ்நாள் முழுக்க மன்னித்துக்கொள்ளவில்லை. பின்னாளில் எடுத்த பிரம்மச்சரிய விரதத்தின் கடுமைக்கு இந்த இரவிலும் ஒரு வேர் இருக்கிறது என்பது என் எண்ணம்.

இவ்வளவு இருந்தும் இந்த ஊர்களை முதல் பயணத்துக்குச் சொல்ல மாட்டேன். வீட்டுக்குள் போனால் படங்களும் பலகைகளும்தான். கதை தெரியாதவர்களுக்கு இருபது நிமிடத்தில் முடிந்துவிடும். தமிழ்நாட்டிலிருந்து அவ்வளவு தூரம் போய் இருபது நிமிடமென்றால் பிள்ளை சோர்ந்துவிடும். காந்தியை ஓரளவு படித்து முடித்தவர்கள் இரண்டாவது, மூன்றாவது பயணமாக வைத்துக்கொள்ளலாம்.

ஆக, அக்காவுக்கு உண்மையான போட்டி மூன்று இடங்களுக்குள்தான்: அகமதாபாத்தின் சபர்மதி, புனே, வார்தா பக்கத்துச் சேவாகிராம்.

சபர்மதிக்குத்தான் பெரும்பாலானவர்கள் போகிறார்கள், அதில் நியாயமும் இருக்கிறது. 1917 ஜூனில் ஆசிரமம் அங்கே இடம் மாறியது. 1930 மார்ச் 12 அன்று 78 பேரோடு தண்டிக்குக் கிளம்பியவர், சுயராஜ்யம் கிடைக்காமல் திரும்பி வரமாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போனார். அப்புறம் அங்கே குடியிருக்கவே இல்லை. ஆற்றங்கரை, வேப்பமரங்கள், 1963-இல் திறந்த, சார்லஸ் கொரியா வடிவமைத்த அந்த அடக்கமான ஓட்டுக்கூரை மியூசியம் எல்லாமே பார்க்கப் பார்க்க நிறைவாக இருக்கும். மியூசியத்தில் கடிதங்கள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. விமானத்திலும் போகலாம், ரயிலிலும் போகலாம். தங்க இடத்துக்குப் பஞ்சமில்லை.

அங்கே காந்தி வாழ்ந்த வீட்டுக்குப் பெயர் ஹிருதய குஞ்ச். அவருடைய அறை முன்னால், திறப்பாக, காற்றோட்டமாக இருக்கும். கஸ்தூர்பாவின் அறை சின்னது. முதல் தடவை போனபோது அந்த அறையை எட்டிப் பார்த்துவிட்டு நகர்ந்துவிட்டேன். ஒன்றும் தெரியாமல் பார்த்தால் வெறும் அறைதான். பிறகுதான் 1929 விஷயத்தைப் படித்தேன். ஆசிரமத்தில் யாரும் சொந்தமாகப் பணம் வைத்துக்கொள்ளக் கூடாது என்பது விதி. வந்தவர்கள் யாரோ கொடுத்த நான்கு ரூபாயைக் கஸ்தூர்பா அலுவலகத்தில் கட்டாமல் வைத்திருந்தார். காந்திக்குத் தெரிந்தது. அதை வீட்டுக்குள் பேசி முடிக்காமல், தன் அவமானமும் வேதனையும் என்று தலைப்பிட்டு, மனைவியின் பெயரைச் சொல்லியே நவஜீவன் இதழில் எழுதினார். நாடு முழுக்கப் படித்தது. கடனில்லாமல், நகையில்லாமல், ஆசிரமத்துக்கே சமைத்துப் போட்ட அறுபது வயது அம்மாள் நான்கு ரூபாய்க்காக அச்சில் ஏறினார். இதைப் படித்துவிட்டு இரண்டாவது தடவை போனபோது அந்தச் சின்ன அறை முன்னால் வெகுநேரம் நின்றேன். காந்தியை நான் மதிக்கிறேன். ஆனால் இந்த விஷயத்தில் பாவின் பக்கம்தான் நிற்கிறேன். பொதுப் பணத்தில் ஒரு காசு பிசகக்கூடாது என்ற அவருடைய பிடிவாதத்துக்கு வீட்டில் இருந்தவர்கள் கொடுத்த விலை அதிகம்.

சபர்மதியின் குறை என்னவென்றால் கூட்டம். அத்தோடு, வளாகத்தை விரிவாக்கிப் புதுப்பிக்கும் பணி 2024-இலிருந்து நடந்துவருகிறது. எந்தப் பகுதி திறந்திருக்கும் என்பதை விசாரித்துவிட்டுப் போவது நல்லது. 1915-இல் அவர் முதலில் ஆசிரமம் தொடங்கிய கோச்ரப் பங்களாவும் அதே நகரத்தில்தான் இருக்கிறது, அது புதுப்பித்துத் திறக்கப்பட்டுவிட்டது. துதாபாய் என்ற தலித் ஆசிரியரின் குடும்பத்தைச் சேர்த்துக்கொண்டதால் நன்கொடை நின்று, ஆசிரமமே மூடும் நிலைக்கு வந்தது அங்கேதான். மில் முதலாளி அம்பாலால் சாராபாய் காரில் வந்து, உள்ளே வராமலே 13,000 ரூபாயைக் கையில் கொடுத்துவிட்டுப் போனதும் அங்கேதான். அந்தக் குடும்பத்தோடு சேர்ந்து வாழக் கஸ்தூர்பாவே முதலில் சம்மதிக்கவில்லை. பின்னால் அவர்களுடைய மகள் லட்சுமியைத் தன் மகளாகவே வளர்த்தார்கள். மனிதர்கள் மாறுவதைப் பிள்ளைக்குக் காட்ட இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

புனேயைப் பற்றிச் சொன்னதும் அக்கா, "அங்க என்ன இருக்கு?" என்றாள். நிறையப் பேர் அப்படித்தான் கேட்கிறார்கள். நகர் சாலையில், எரவாடா பக்கத்தில் இருக்கும் ஆகா கான் மாளிகை 1892-இல் கட்டியது. பெரிய வளைவுகள், புல்வெளி, வெள்ளைச் சுவர் என்று பார்க்க அரண்மனையேதான். 'வெள்ளையனே வெளியேறு' தீர்மானத்துக்கு மறுநாள், 1942 ஆகஸ்ட் 9 அன்று, காந்தியைக் கைது செய்து அங்கே கொண்டுவந்தார்கள். 1944 மே 6 வரை அதுதான் சிறை.

வந்த ஆறாம் நாள், ஆகஸ்ட் 15 அன்று, 25 வருடம் கூடவே இருந்த செயலாளர் மகாதேவ் தேசாய் மாரடைப்பில் போய்விட்டார். வயது ஐம்பதுதான். "மகாதேவ், மகாதேவ்" என்று காந்தி கூப்பிட்டுப் பார்த்தார். ஒரு தடவை கண் திறந்து என்னைப் பார்த்தால் எழுந்துவிடுவான் என்று நம்பினார். உடலைத் தன் கையாலேயே குளிப்பாட்டினார். அதன்பிறகு தினமும் பூ எடுத்துக்கொண்டு அந்த இடத்துக்குப் போவது வழக்கமாகிவிட்டது.

அந்தச் சிறையில்தான் கஸ்தூர்பா கேரம் ஆடக் கற்றுக்கொண்டார். எழுபது தாண்டிய வயதில் காயைச் சுண்டி விளையாடுவதில் அவருக்கு அவ்வளவு ஆசை வந்துவிட்டது. இதை அம்மாவிடம் சொன்னபோது அம்மாவின் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டும். வாழ்நாள் முழுக்க ஊருக்கு உழைத்த அம்மாளுக்கு விளையாட நேரம் கிடைத்தது ஜெயிலில்தான்.

1944 பிப்ரவரியில் அவர் உடம்பு மோசமானது. மூத்த மகன் ஹரிலால் பார்க்க வந்தார். அப்பாவோடு முறித்துக்கொண்டு பல வருடம் ஆகியிருந்தது. படிக்க இங்கிலாந்து அனுப்பவில்லை என்ற மனக்கசப்பில் தொடங்கி, குடி வரை போய்விட்ட வாழ்க்கை. குடித்துவிட்டு வந்த மகனைப் பார்த்துத் தாய் நெற்றியில் அடித்துக்கொண்டார். கடைசி மகன் தேவதாஸ், அப்போது கிடைப்பதற்கே அரிதான பெனிசிலினை வரவழைத்தார். சாகிற நேரத்தில் ஊசி குத்தி வதைக்க வேண்டாம் என்று காந்தி தடுத்துவிட்டார். பிப்ரவரி 22 அன்று மாலை, காந்தியின் மடியில் கஸ்தூர்பாவின் உயிர் பிரிந்தது. காந்தி கையால் நூற்ற நூலில் நெய்த புடவையைக் கட்டி எரியூட்டினார்கள். சிதை அடங்கும் வரை எழுந்து போக அவர் மறுத்துவிட்டார். மகாதேவ் தேசாய், கஸ்தூர்பா இருவரின் சமாதிகளும் வளாகத்தின் பின்பக்கம் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. அதே பிப்ரவரி 22-இல், முப்பது வருடத்துக்கு முன்னால், 1914-இல்தான் தென்னாப்பிரிக்காவில் சிறை சென்று நோயோடு திரும்பிய தில்லையாடி வள்ளியம்மை இறந்தாள். பதினாறு வயது. இரண்டு தேதியும் ஒன்று என்பதை நம் ஊர்க்காரர்களாவது ஞாபகம் வைத்திருக்க வேண்டும்.

புனேவுக்கு இன்னும் இரண்டு தமிழ்த் தொடர்புகள் உண்டு. 1924 ஜனவரி 12 இரவு, எரவாடா சிறையிலிருந்து கொண்டுவந்து சசூன் மருத்துவமனையில் காந்திக்குக் குடல்வால் அறுவைச் சிகிச்சை செய்தார்கள். கத்தி வைப்பதற்கு முன்னால் அவரைப் பார்த்துப் பேசி அறிக்கை வாங்கியவர் வலங்கைமான் சீனிவாச சாஸ்திரி. நடுவில் புயல் மழையில் மின்சாரம் போய், அரிக்கேன் விளக்கு வெளிச்சத்தில் கர்னல் மாடக் வேலையை முடித்தார். அடுத்தது கல்யாணம். தேவதாசும் ராஜாஜியின் மகள் லட்சுமியும் விரும்பியபோது, ஐந்து வருடம் பார்க்காமல் பேசாமல் இருந்துவிட்டு அப்போதும் விருப்பம் மாறவில்லையென்றால் செய்துவைக்கிறோம் என்றார்கள் இரண்டு அப்பாக்களும். இரண்டு பேரும் காத்திருந்தார்கள். 1933 ஜூனில் புனேயில் கல்யாணம் நடந்தது.

அளவுகோலின்படி பார்த்தால் புனேதான் ஜெயிக்க வேண்டும். கஸ்தூர்பா அங்கே நிறைந்திருக்கிறார். ஆனால் அது அவர்கள் விரும்பி வாழ்ந்த வீடு அல்ல. அரண்மனையின் பிரமாண்டம் வேறு கண்ணை மறைக்கும். அங்கே ஒரு நாள் போதும்.

அதனால்தான் நான் சேவாகிராமுக்கு வருகிறேன்.

1936 ஏப்ரல் 30 அன்று, 66 வயதில், வார்தாவுக்குப் பக்கத்தில் சேகாவ் என்ற கிராமத்துக்குக் குடிபோனார் காந்தி. ரோடு கிடையாது, தபாலாபீஸ் கிடையாது. அந்த வருடமே மலேரியா வந்து வார்தா ஆஸ்பத்திரியில் படுத்தார். ஷேகாவ் என்று வேறொரு ஊர் இருந்ததால் கடிதங்கள் மாறிப்போய்க்கொண்டிருந்தன. அதனாலேயே 1940-இல் சேவாகிராம் என்று பெயர் மாற்றினார்கள். நிலம் காந்தியின் நண்பரான தொழிலதிபர் ஜம்னாலால் பஜாஜ் கொடுத்தது. பக்கத்தில் கிடைக்கும் மண், மூங்கில், பனை, ஓடு இவற்றை வைத்து ஊர் ஆட்களே கட்டிய குடில்கள்.

முதலில் கட்டியது ஆதி நிவாஸ். காந்தி, கஸ்தூர்பா, வந்தவர் போனவர், தொண்டர்கள் என்று எல்லோரும் அந்த ஒரே கூடத்தில். எப்போது பார்த்தாலும் ஆண்கள் கூட்டம். பாவுக்குத் துணி மாற்ற, கொஞ்சம் படுக்க ஒரு மறைவுகூட இல்லை. அவர் கஷ்டத்தைப் பார்த்து ஜம்னாலால் தனியாக ஒரு சின்னக் குடில் கட்டிக் கொடுத்தார். பா குடில் என்று இன்றும் இருக்கிறது. நாட்டையே கவனித்தவர் கண்ணில் மனைவியின் இந்தத் தேவை படவில்லை, நண்பர் கண்ணில் பட்டது. அந்தக் குடிலின் வாசலில் உட்கார்ந்து இதை அக்கா மகளுக்குச் சொல்ல வேண்டும் என்று எனக்கு ஆசை.

காந்தி பின்னால் குடியிருந்த பாபு குடில், முதலில் அவருடைய ஆங்கிலேயச் சீடர் மீராபென் தனக்காகக் கட்டிக்கொண்டது. மண் சுவரில் மீராபென் தன் கையாலேயே பனைமரமும் ராட்டையும் ஓம் என்ற எழுத்தும் புடைப்பாகச் செய்து வைத்திருக்கிறார். கை வைத்து இழைத்த தடம் சுவரில் தெரியும். குனிந்து உள்ளே போனால் மெழுகின தரை. பாயும் தாழ்வான மேசையும் மூன்று குரங்கு பொம்மையும் இருக்கின்றன. ஒரு மூலையில் மரக்கூண்டும் நீளமான இடுக்கியும் பார்க்கலாம். பாம்பு வந்தால் அடிக்காமல் பிடித்துக் கூண்டில் போட்டு, தூரத்தில் கொண்டுபோய் விட்டுவிடுவார்கள். பக்கத்திலேயே குளியலறையும் கழிப்பறையும். கழிப்பறையை அவரே சுத்தம் செய்துகொள்வார். மாளிகையிலிருந்து வைஸ்ராய் லின்லித்கோ நேராகக் கூப்பிடுவதற்காக அரசாங்கம் போட்டுக் கொடுத்த டெலிபோனும் வளாகத்தில் இருக்கிறது. அடுத்தடுத்து இரண்டையும் பார்க்கும்போது பிள்ளைகளுக்கு நாம் எதுவும் விளக்க வேண்டியிருக்காது.

எனக்கு எல்லாவற்றையும்விட முக்கியம் பர்சுரே குடில். பர்சுரே சாஸ்திரி சமஸ்கிருதப் பண்டிதர், எரவாடா சிறையில் காந்தியோடு இருந்தவர். அவருக்குத் தொழுநோய். எங்கும் இடமில்லாமல் 1939-இல் சேவாகிராம் வந்து நின்றார். ஆசிரமத்தில் குழந்தைகள், பெண்கள், நோயாளிகள் எல்லோரும் இருக்கிறார்கள். காந்தி ஓரிரவு யோசித்துவிட்டு, தன் குடிலுக்குப் பக்கத்திலேயே ஒரு குடிசை போட்டுக் கொடுத்தார். தினமும் போய்ப் புண்ணைக் கவனித்து, எண்ணெய் தேய்த்துப் பிடித்துவிட்டார். உலக யுத்தம் தொடங்கிய வருடம் அது. தலைவர்கள் எல்லாம் வந்து காத்திருப்பார்கள், அவர் இந்த வேலையை முடித்துவிட்டுத்தான் வருவார். ராஜ்கோட்டில் அப்பாவின் காலைப் பிடித்துவிட்டுப் பாதியில் எழுந்து போன பையன் இந்தக் குடிசையில் வேலையை முடித்தான் என்று எனக்குத் தோன்றும். காந்தி அப்படி எங்கும் எழுதவில்லை. அங்கே நின்றபோது எனக்கு வந்த எண்ணம் அது.

நம்மவர்களுக்கு அங்கே சொந்தமும் உண்டு. தஞ்சாவூரில் பிறந்த ஜே.சி. குமரப்பா வார்தா மகன்வாடியில் கிராமத் தொழில் சங்கத்தை நடத்தினார். யாழ்ப்பாணத்து ஆரியநாயகமும் அவர் மனைவி ஆஷாதேவியும் சேவாகிராமிலேயே இருந்து ஆதாரக் கல்விப் பள்ளியை நடத்தினார்கள்.

போய்ச் சேருவதும் சிரமமில்லை. சென்னை-டெல்லி ரயில் பாதையிலேயே சேவாகிராம் என்ற ஸ்டேஷன் இருக்கிறது. நாக்பூருக்கு விமானத்தில் போனாலும் அங்கிருந்து 75 கிலோமீட்டர்தான். தங்குவதற்கு ஆசிரமத்தின் எதிரிலேயே யாத்ரி நிவாஸ். எளிமையான அறை, எளிமையான சாப்பாடு. குறைந்தது இரண்டு இரவு தங்குங்கள். காலையிலும் மாலையிலும் திறந்தவெளியில் இன்றும் பிரார்த்தனை நடக்கிறது, காந்தி 1936-இல் நட்ட அரசமரம் பக்கத்தில் நிற்கிறது. நடக்கிற தூரம் குறைவு, படிக்கட்டுகள் கிடையாது. முட்டி வலி உள்ள அம்மாவுக்கு இது பெரிய விஷயம். சபர்மதியில் ஆற்றங்கரையும் மியூசியமும் சேர்ந்து நடக்க நிறைய இருக்கிறது. ஆகா கான் மாளிகையிலும் சமாதி வரை நடந்தாக வேண்டும்.

யாருக்குச் சேவாகிராம் சரிப்படாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். வெயில் காலத்தில் யாரும் போகாதீர்கள். விதர்பா வெயில் தாங்க முடியாது. ஆறேழு வயதுப் பிள்ளைகளுக்குப் பார்க்க அதிகம் இல்லை, அவர்களுக்குச் சபர்மதிதான் நல்லது. ஏசி அறையும் ஹோட்டல் சாப்பாடும் வேண்டும் என்பவர்கள் அகமதாபாத்தையே வைத்துக்கொள்ளலாம். கஸ்தூர்பாவைப் பற்றி எழுதவோ பேசவோ போகிறவர்கள் யோசிக்காமல் புனே போகலாம்.

ஆனால் இதில் எதற்கும் டிக்கெட் போடுவதற்கு முன்னால் மதுரைக்குப் போய்விடுங்கள். தமுக்கம் அரண்மனையில் நேரு 1959 ஏப்ரல் 15 அன்று திறந்துவைத்த காந்தி மியூசியம் எல்லோருக்கும் தெரியும். சுடப்பட்டபோது அவர் உடுத்தியிருந்த துணியின் ஒரு பகுதி, இரத்தக் கறையோடு அங்கே இருக்கிறது. மேல மாசி வீதி 251-ஆம் எண் வீட்டை மட்டும் உள்ளூர்க்காரர்களே கவனிக்காமல் போகிறார்கள். இப்போது கீழே கதர்க் கடை. 1921 செப்டம்பர் 21 இரவு அந்த வீட்டு மாடியில் தங்கினார் காந்தி. மதுரைக்கு வந்த ரயிலில் அந்நியத் துணி கட்டியிருந்தவர்களிடம் கதர் கட்டச் சொன்னபோது, அதை வாங்க எங்களிடம் காசில்லை என்றார்கள். அந்தப் பதில் அவரைத் தூங்கவிடவில்லை. மறுநாள் காலை சட்டையும் தொப்பியும் இல்லாமல் நாலு முழ வேட்டியோடு மாடிப்படி இறங்கி வந்தார். ஒரு மாதம் போல இருந்து பார்ப்போம் என்றுதான் முதலில் அறிவித்தார். அந்த உடை கடைசி நாள்வரை மாறவில்லை. அப்படியே அவர் கூட்டத்தின் முன் வந்து பேசிய இடம்தான் காமராசர் சாலையில் உள்ள காந்திப் பொட்டல்.

இந்த வீட்டில் பா இல்லை என்பது உண்மைதான். என் அளவுகோலுக்கு நானே ஒரு விலக்குக் கொடுக்கிறேன். பஸ்ஸில் போய்வருகிற தூரத்தில் இருப்பதை விட்டுவிட்டு இரண்டாயிரம் கிலோமீட்டர் போவது சரியில்லை. தவிர, சேவாகிராமின் மண் குடிலுக்குப் போகிற பாதை இந்த மாடிப்படியில்தான் தொடங்குகிறது.

அக்கா கடைசியில் இப்படி முடிவு செய்திருக்கிறாள். நவம்பரில் ஒரு சனிக்கிழமை எங்கள் வீட்டுக்கு வந்து, காலையில் மேல மாசி வீதி, மத்தியானம் தமுக்கம். டிசம்பர் கடைசியில் ரயிலில் சேவாகிராம், இரண்டு இரவு. அங்கிருந்து ராத்திரி ரயிலில் புனே, ஒரு பகல் ஆகா கான் மாளிகை, அங்கிருந்தே ஊருக்கு. அம்மா ஒன்று மட்டும் கேட்டாள்: பா சமாதியில் பூ வைக்க விடுவார்களா என்று. வாங்கிக்கொண்டு போவோம், விட்டால் வைக்கலாம் என்றிருக்கிறேன். டிசம்பரில் வார்தாவில் விடியற்காலை நன்றாகக் குளிரும். பிரார்த்தனைக்கு வெட்டவெளியில் உட்கார வேண்டும், அதனால் ஆளுக்கொரு ஸ்வெட்டரும் அம்மாவுக்குக் கூடுதலாக ஒரு சால்வையும் எடுத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன்.